கஸ்தூரிக்கு ஒரு பாக்கெட்

ஆகஸ்ட் 1, வியாழன்

குச்சி 12. எரிச்சல்: காலை சட்னிக்கு அதிகம். பாக்கு: இல்லை.

இப்படித்தான் தினமும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர் ஷீபா. ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நிறுத்த வேண்டும். எத்தனை நுழைகிறதோ அதுதான் வாயின் அளவு. இருபது நுழைந்தால் சாதாரண மனுஷி. நான் பன்னிரண்டு.

கடைவாய்ப் பல் வலி என்றுதான் போனேன். "இன்னும் தொறங்க" என்றார். "இவ்வளவுதான் டாக்டர்" என்றேன். உடனே பல்லை விட்டுவிட்டார். சின்ன ஸ்கேல் ஒன்றை வைத்து அளந்தார். கன்னத்தின் உள்பக்கத்தைக் கண்ணாடியில் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. விரலை வைத்தால் உள்ளே கயிறு மாதிரி ஒரு பட்டை தட்டுப்படுகிறது.

"பாக்கு போடுவீங்களா?"

"கல்யாண வீட்டுக்குப் போனா எப்பவாச்சும்."

கைப்பையில் ஆறு பாக்கெட் இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாளைக்கு எட்டு, பத்து" என்றேன்.

நான் என்ன குட்காவா போடுகிறேன்? இனிப்பு வாசனைப் பாக்கு. தாம்பூலப் பையில் தேங்காயோடு போட்டுக் கொடுக்கிறார்களே, அந்தத் தூள். பெட்டிக்கடையில் மிட்டாய்க்குப் பக்கத்தில் தொங்குகிறது. "புகையிலைகூடக் கிடையாது டாக்டர்" என்று வாதாடினேன். "புகையிலையே வேண்டாம், பாக்கு மட்டும் போதும்" என்றார். வாய் சுருங்கியது சுருங்கியதுதானாம். நிறுத்தினால் இருக்கிற மிச்சத்தைக் காப்பாற்றலாம். சில பேருக்குப் புற்றுநோயில் போய் முடியுமாம். கன்னத்தில் ஒரு துணுக்கு வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்.

வீட்டுக்காரரிடம் பல் வேலை என்று சொல்லிவிட்டேன். டாக்டருக்குப் பாலக்காட்டுப் பக்கம். தமிழ் பேசுகிறார், வாசிக்கத் தெரியாது. எண்களை மட்டும் பார்ப்பேன் என்றார். அதனால்தான் இத்தனையும் தைரியமாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

குச்சி 12. எரிச்சல்: நடுத்தரம். பாக்கு: இல்லை. தலைவலி. கை தானாகப் பைக்குள் போய்த் துழாவுகிறது.

சசிரேகா கூப்பிட்டாள். இருபத்தி நாலாம் தேதி, சனிக்கிழமை மத்தியானம், ரேஸ் கோர்ஸில் புதிதாகத் திறந்திருக்கும் மெக்சிகன் ஹோட்டல். ஊரே அங்கேதான் போய்ப் படம் எடுத்துப் போடுகிறதாம். "அந்த டாக்கோவை ஒரே கடில கடிக்கணும்புள்ள, அதான் ஸ்டைலு" என்றாள்.

சசி, கஸ்தூரி, நான். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் ஒரே அறை. இருபத்தைந்து வருஷமாகியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்திக்காமல் இருந்ததில்லை. இதுவரை யாரும் சாப்பிட்டுப் பார்க்காத சாப்பாடாக இருக்க வேண்டும். அந்த முறை யார் ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அவர்களே எல்லாருக்கும் ஆர்டர் செய்வார்கள், மற்றவர்கள் மறுக்கக் கூடாது. கடைசியில் இரண்டு பேரும் கை நீட்ட, நான் ஆளுக்கொரு பாக்கெட் பாக்கு வைப்பேன். ஹாஸ்டல் காலத்து வழக்கம். அது இல்லாமல் எழுந்திருக்க மாட்டார்கள்.

இவர்களிடம் எப்படிச் சொல்வது? கிளினிக்கில் எனக்கு முன்னால் காத்திருந்தவர்கள் நான்கு பேரும் லாரி ஓட்டுகிற ஆண்கள், பல்லெல்லாம் கறை. நடுவில் நான், மில் லேபில் நூலின் தரம் பார்க்கிற இன்சார்ஜ், பட்டுக் கரை வைத்த காட்டன் புடவையில். அதில் ஒருத்தர், "உங்களுக்குமாங்க?" என்று கேட்டுவிட்டார். சசிக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் சிங்காநல்லூர் முழுக்கத் தெரிந்துவிடும். சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

குச்சி 12. எரிச்சல்: குறைவு. பாக்கு: இல்லை.

கஸ்தூரி கூப்பிட்டாள். அவள் ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வாயெல்லாம் புண், ரசம்கூட எரிகிறது என்றாள். "சத்துக் குறைவுன்னு மெடிக்கல்ல மாத்திரை குடுத்தான், கேக்கவே மாட்டேங்குது. யாராவது டாக்டர்ட்ட காட்டலாமா கோதை?"

மாத்திரையையே போடு, சரியாகும் என்றேன். அவளுக்கு எப்போதும் வாய்ப்புண் வரும்.

கேஸ் புக் செய்ய வேண்டும். லேபில் ஈரப்பதம் அளக்கிற மெஷின் மறுபடி மக்கர். புழுங்கலரிசி தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

குச்சி 12. பாக்கு: ஒன்று. அரைதான். துப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

குச்சி 12. பட்டையைக் கொஞ்சம் இளக்க, கன்னத்தில் இரண்டு பக்கமும் ஊசி. எச்சில் விழுங்கினால் உயிர் போகிறது. பாக்கு: இல்லை.

ஊசி போட்ட மயக்கத்தில் என்னென்னவோ ஞாபகம். இரண்டாம் வருஷம் ஊட்டிக்கு டூர் போனபோது கஸ்தூரி மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டாள். எலுமிச்சம்பழம் முகர்ந்தும் நிற்கவில்லை. நான்தான் என் பாக்கெட்டைப் பிரித்து அவள் உள்ளங்கையில் கொட்டினேன். வேண்டாம் வேண்டாம் என்றாள், அதட்டிப் போட வைத்தேன். குன்னூர் போவதற்குள் வாந்தி நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவளும் வாங்க ஆரம்பித்தாள்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. டாக்டர் கேட்டது குச்சிக் கணக்குத்தான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

குச்சி 13! எரிச்சல்: நடுத்தரம். பாக்கு: இல்லை.

மில் விடுமுறை. டாக்கோ என்பது எவ்வளவு உயரம் என்று போனில் பார்த்தேன். மொறுமொறுப்பான சோள அப்பளத்தை இரண்டாக மடித்து, உள்ளே அவரையும் தக்காளியும் சீஸும் திணித்திருக்கிறார்கள். நிமிர்த்திக் கடித்தால் என் வாய்க்குள் போகாது. தலையைச் சாய்த்து ஓரத்திலிருந்து கடித்தால் போகலாம். அப்பளம் பொரித்து, சூட்டோடு மடித்து, கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். நாலாவது அப்பளத்தில் வீட்டுக்காரர் வந்துவிட்டார். "அப்பளத்தோட என்ன சண்டை?" என்றார். "உப்பு பாக்கறேன்" என்றேன். அவரும் ஒன்றை எடுத்துத் தின்றுகொண்டே போனார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

குச்சி 13. பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம், கிளினிக்கிலிருந்து இரண்டு தடவை போன். எடுக்கவில்லை. சனிக்கிழமை முடியட்டும். முகத்தில் பயத்தை ஒட்டிக்கொண்டு போய் அவர்களோடு உட்கார என்னால் முடியாது.

ஆகஸ்ட் 24, சனி

குச்சி 13. சாப்பாடு நன்றாக இருந்தது. பாக்கு: இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நேற்று எழுதியது பொய். பாக்கு: ஒன்று. முழுசாக.

நடந்ததை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இன்றைக்கும் சோறு இறங்காது.

வாசலில் கள்ளிச்செடித் தொட்டிகள். உள்ளே சுவர் முழுக்கப் பூ வைத்த மண்டையோடுகள். "சோறு திங்கற எடத்துல எதை வரைஞ்சு வெச்சிருக்கானுங்க பாரு" என்று சசி சொன்னாள். ஆனால் அதன் முன்னால் நின்று ஆறு படம் எடுத்தது அவள்தான். கஸ்தூரி முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். டயட்டா என்று சசி கேட்டதற்குச் சிரித்தாள்.

காரம் எந்த அளவு வேண்டும் என்று பரிமாறுகிற பெண் கேட்டாள். "இருக்கறதுலயே அதிகம் போடுங்க, நாங்கெல்லாம் கொள்ளு ரசம் குடிச்சு வளந்தவங்க" என்றாள் சசி. மறுக்கக் கூடாது என்பது சட்டம். நானும் கஸ்தூரியும் ஒரே நேரத்தில் தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டோம்.

முதலில் நாச்சோஸ் என்ற சோள வறுவலும் சிவப்புச் சட்னியும் வந்தன. சட்னி நாக்கில் பட்டதும் கண்ணில் நீர் கட்டிவிட்டது. ஊசி போட்ட இடம் இரண்டும் தீப்பிடித்த மாதிரி எரிந்தன. "அருமை" என்றேன். ஒரு வாய்த் தண்ணீரை விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்தேன். அப்படி வைத்தால் எரிச்சல் அடங்கும், மூன்று வாரத்தில் நானே கண்டுபிடித்த வைத்தியம். நிமிர்ந்து பார்க்கிறேன், எதிரே கஸ்தூரியின் கன்னமும் உப்பியிருக்கிறது. விழுங்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

சின்ன விஷயம், தாகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க முயற்சி செய்தேன்.

டாக்கோ வந்தது. ஒத்திகை பார்த்தபடி சாய்த்துக் கடிக்கத் தயாரானேன். கஸ்தூரி கடிக்கவே இல்லை. மடியில் வைத்த நாப்கினுக்குள் டாக்கோ அப்பளத்தை நொறுக்கினாள். ஒவ்வொரு துண்டாகத் தட்டில் வழிந்த அவரைக் குழம்பில் ஊற வைத்தாள். சசி போனைப் பார்க்கிற நேரம் பார்த்து, ஒற்றை விரலால் ஓரமாக உள்ளே தள்ளினாள். தக்காளியைப் பொறுக்கித் தட்டின் கீழே ஒளித்தாள். வெகு நாள் பழகிய கை. வீட்டில் நான் இட்லி சாப்பிடுகிறது அப்படியேதான்.

"ரெண்டு பேரும் கையில எடுங்கடி, போட்டோ! ஒண்ணு, ரெண்டு, மூணு, ஆ!"

எடுத்ததும் சசி படத்தைப் பார்த்துச் சிரித்தாள். "நான் மட்டும்தான் திங்க வந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் என்னடி, பொண்ணு பாக்க வந்தப்ப உக்காந்த மாதிரி இருக்கீங்க?" போனை மேசையில் வைத்தாள். படத்தில் சசியின் உள்நாக்கே தெரிந்தது. கஸ்தூரிக்கும் எனக்கும் ஒரே அளவு. இல்லை, கஸ்தூரிக்கு என்னைவிடக் குறைவு. ஆயிரம் நூலில் ஒரு பழுதைக் கண்ணால் பிடிப்பதற்குத்தான் மில்லில் எனக்குச் சம்பளம். குறைவு என்று தெரிந்துவிட்டது.

கஸ்தூரியும் அந்தப் படத்தையே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குச் சொல்லத்தான் வாய் வந்தது. சசி பக்கத்தில் இருந்தாள். பிறகு சொல்லலாம் என்று விட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல இரண்டு கைகள் என் முன்னால் நீண்டன. "மறந்துட்டேன்" என்றேன். சசி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "கோதை பாக்கு கொண்டு வரலையா! உலகம் அழியப் போகுது!"

"என்கிட்ட இருக்கு" என்று கஸ்தூரி பையைத் திறந்தாள். பாக்கெட் சரம். பாதி கிழித்தாகிவிட்டது. "பாடம் நடத்தறப்ப இது இல்லைன்னா தொண்டை காஞ்சு போகுதுபுள்ள. வாய்ப்புண்ணுக்கும் கொஞ்சம் மரத்தாப்ல இருக்கும்" என்றாள். முதல் பாக்கெட்டை என் கையில் வைத்தாள். "இந்தா, நீ பழக்கி விட்டதுதானே."

நான் அதைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டேன். மென்றேன். இனித்தது. முழுசாக ஒன்று, இருபத்தி நாலு நாள் கழித்து, அடடா என்று இருந்தது. எதிரே கஸ்தூரியும் மென்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மெல்லுவதை அவள் நிறுத்துகிறவரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என்ன ஜென்மம் நான்.

ஆகஸ்ட் 28, புதன்

குச்சி 13. பாக்கு: இல்லை.

போய் முடிவை வாங்கினேன். புற்றுநோய் இல்லை. "இப்போதைக்கு" என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். எனக்கு முதல் இரண்டு வார்த்தைதான் காதில் விழுந்தது. அழுதேன். டாக்டர் டிஷ்யூ கொடுத்துவிட்டு, "தெரிஞ்சவங்க வேற யாராவது இதைப் போடறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். படியில் பாதி இறங்கும்போது கால் நின்றுவிட்டது. அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் என்னை நானே திட்டிக்கொண்டேன். பிறகு நேராக சாய்பாபா காலனிக்குப் பஸ் ஏறினேன்.

கஸ்தூரி நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிரித்த பாக்கெட். குச்சிக் கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "இதை அடுக்கிப் பல்லுக்கு நடுவுல வை. கேள்வி கேக்காத."

வைத்தாள். ஒன்பதுக்கு மேல் போகவில்லை.

எல்லாம் சொன்னேன். அவள் கடைசியில், "எப்பத்துல இருந்து தெரியும் உனக்கு?" என்றாள்.

"என்ற விஷயம் ஒண்ணாந்தேதி. உன்னைப் பத்தி... சனிக்கிழமைதான் தோணுச்சு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மாசமா தனியாவா தவிச்சே? என்கிட்டச் சொல்லக் கூடாதா, பைத்தியக்காரி?" என்னைச் சமாதானப்படுத்தினாள். காபி ஆற வைத்துக் கொடுத்தாள். நான் அதையும் குடித்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

கஸ்தூரியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் இடது கன்னத்தின் உள்ளே டாக்டர் நிறைய நேரம் பார்த்தார். சிவப்பாக ஒரு திட்டு. பேச்சைக் குறைத்துக்கொண்டார். துணுக்கு எடுத்தார், அவசரம் என்று சீட்டில் எழுதினார்.

பிறகு இந்த நோட்டை என்னிடமிருந்து வாங்கி எண்களைப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். "உங்க ஃபிரெண்ட் எத்தனை ஒழுங்கா எழுதிருக்காங்க. இதைப் பாத்து நீங்களும் இதுபோல எழுதணும்" என்று கஸ்தூரியிடம் நீட்டினார்.

பிடுங்க முடியுமா? டாக்டர் முன்னால் என்ன சொல்லிப் பிடுங்குவது?

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். டீச்சர் இல்லையா, வரிக்குக் கீழே விரல் வைத்து, ஒரு வரி விடாமல். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரல் போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரை படித்துவிட்டு முன்பக்கம் திருப்பினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"'மாத்திரையையே போடு, சரியாகும் என்றேன்.'" குரல் மட்டும் வகுப்பில் வாசிக்கிற குரல். "'கேஸ் புக் செய்ய வேண்டும்.' இது ஏழாந்தேதி, கோதை."

"கஸ்தூரி..."

"உனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சதாலதான் அரிசி, மெஷினுன்னு எழுதியிருக்க. இருபத்தோரு நாள் நான் தின்னுட்டு இருந்திருக்கேன். நான் குடுத்ததை என்ற முன்னாலயே நீயும் மென்னுருக்க."

இருபத்தோரு நாளில் புதிதாக ஒன்றும் வந்திருக்காது, இது இருபத்தைந்து வருஷமாக வந்தது என்று சொல்லியிருக்கலாம். டாக்டரும் அதைத்தான் சொல்வார். சொல்லவில்லை. அந்த இருபத்தைந்து வருஷத்தை ஆரம்பித்து வைத்ததும் யார் என்று அவள் பதிமூன்றாம் தேதியில் படித்திருப்பாள்.

நோட்டைப் பெஞ்சில் வைத்தாள். தனியாக ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

செப்டம்பர் 4, புதன்

குச்சி 13. ஏழு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை மெத்தென்று வந்தது. இருபது எடுத்து டப்பாவில் போட்டேன், அவளுக்கு மெல்லச் சுலபமாக இருக்கும். கொண்டு போகத் தைரியம் இல்லை. டப்பா மேசையிலேயே இருந்தது.

சசி கூப்பிட்டாள். "ரெண்டு பேருக்கும் என்னடி சண்டை? அவளும் பேச மாட்டேங்கறா." எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என் வாய், அவள் வாய், ஏழாந்தேதி, சனிக்கிழமை எல்லாம். "நான் ஊரெல்லாம் சொல்லிருவேன்னு நெனச்சியா?" என்றாள். ஆமாம் என்றேன். "சொல்லித்தான் இருப்பேன். ஆனா அவளைக் காரில போட்டு அன்னைக்கே டாக்டர்ட்டக் கூட்டிட்டும் போயிருப்பேன்." வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரரிடமும் இன்றுதான் சொன்னேன். கோபப்படவில்லை. அலமாரியில் நான் ஒளித்து வைத்திருந்த கடைசி இரண்டு சரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

செப்டம்பர் 11, புதன்

கஸ்தூரி கூப்பிட்டாள். முடிவு வந்துவிட்டது. அவளுக்கு இருக்கிறது. ஆரம்ப நிலை, வெட்டி எடுத்தால் போய்விடும் என்கிறார்கள், கன்னத்தில் ஒரு பகுதி போகும்.

"இவர்கிட்ட இன்னும் சொல்லல. புண்ணுன்னுதான் நெனச்சுட்டு இருக்காரு. எனக்குச் சொல்ற தெம்பு இல்ல. நாளைக்குக் காலைல ஒம்பதுக்கு வந்து நீயே சொல்லு. எப்படி ஆரம்பிச்சது, உனக்கு எப்பத் தெரிஞ்சது, எல்லாம்."

சரி என்றேன்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுட்டு வராத."

செப்டம்பர் 12, வியாழன்

ஒன்பதுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அவள் வீட்டுக்காரர்தான். "வாங்க வாங்க, ஏதோ முக்கியமான விஷயம்னா" என்று சிரித்தார். கல்லூரிக்குக் கிளம்பிய மகள் பையை மாட்டியபடியே நின்றாள். கஸ்தூரி தனக்கு எதிரே ஒரு நாற்காலியைக் காட்டினாள்.

சொன்னேன். ஊட்டி பஸ்ஸில் தொடங்கி எல்லாம் சொன்னேன். நடுவில் தண்ணீர் கேட்கவில்லை. அவர் என்னை அடிப்பார், வெளியே போ என்பார் என்று வழியெல்லாம் தயாராகி வந்திருந்தேன். அவர் என் பக்கமே பார்க்கவில்லை. எழுந்து போய் அவள் காலடியில் உட்கார்ந்தார்.

"ரொம்ப வலிக்குதா கஸ்தூரி?"

இல்லை என்று தலையாட்டினாள். பிறகு ஆமாம் என்று தலையாட்டினாள். அப்போதுதான் அழுதாள்.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அதனால் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாதாம். கவுன்டரில் இருந்தவர் பாரத்தை நிரப்பிக்கொண்டே, கூட இருக்கப் போகிறவர் பெயர் என்ன என்று கேட்டார்.

மகள் முன்னால் வந்தாள். கஸ்தூரி அவளைத் தடுத்தாள்.

"பூங்கோதை" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.